அரிய சிறுநீரகப் புற்றுநோய்க்கான திசு மறுஆய்வும் மரபணுப் பரிசோதனையும்: பயன்படுத்திய ஒருவரின் மதிப்புரை

என் தம்பியின் இடது சிறுநீரகத்தில் இருந்த நான்கு சென்டிமீட்டர் கட்டியை அகற்றி வீட்டுக்கு அனுப்பியபோது கையில் கொடுத்த திசு அறிக்கையில், 'பாப்பிலரி சிறுநீரகப் புற்றுநோய், இரண்டாம் வகை' என்று எழுதியிருந்தது. பாப்பிலரி என்பது, செல்கள் விரல் போன்ற நீட்சிகளாக வளரும் வகை. கட்டி சிறுநீரகத்தைத் தாண்டவில்லை, வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை, ஓராண்டு கழித்து ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தால் போதும் என்றார்கள். அவனுக்கு அப்போது 36 வயது. இந்த வயதில் இது ஏன் வந்தது என்று கேட்டதற்கு, சிலருக்கு வருவதுண்டு என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாததால்தான், அகற்றிய திசுவை மீண்டும் ஆராய்வது, இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்வது, அதன்பின் மரபியல் ஆலோசகரோடு அமர்ந்து பேசுவது ஆகிய மூன்றையும் ஒன்றாகச் செய்து தரும் ஒரு சேவையிடம் போனோம். அதைப் பற்றியதே இந்த மதிப்புரை. சேவையின் பெயரை நான் எழுதவில்லை. அவர்கள் செய்ததில் மனம் நொந்த ஒரு விஷயத்தையும் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம், இதே மூன்று பகுதிகளைக் கொண்ட சேவைகள் வேறு இடங்களிலும் இருப்பதால் எந்தப் பகுதியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிவிப்பதே பயன் தரும் என்பது இன்னொரு காரணம்.

பதிவு செய்ததும் முதலில் வந்தது நான்கு பக்கப் படிவம். பரிசோதனைக் கூடங்கள் அனுப்பும் படிவங்களை நாம் அவசரமாக நிரப்பித் தள்ளிவிடுவது வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாவது பக்கத்தின் நடுவே, 'உங்கள் இரத்த உறவில் 40 வயதுக்கு முன் கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்கள் எவரேனும் உண்டா?' என்று ஒரு கேள்வி இருந்தது. அதற்கு அடுத்த வரியில், 'கை, தோள், முதுகு ஆகிய இடங்களில் குளிரிலோ தொட்டாலோ வலிக்கும் சிறு முடிச்சுகள் உடையவர்கள் உண்டா?' என்று இருந்தது. எங்கள் அம்மாவுக்கு 31 வயதில், 1993ஆம் ஆண்டில், நார்க்கட்டிகளால் ஏற்பட்ட அதிக இரத்தப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அவருடைய இடது தோளில் மிளகு அளவில் செம்பழுப்பு நிற முடிச்சுகள் ஏழெட்டு கூட்டமாக இருக்கும். குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்று இழுக்கிறது என்று சொல்லி, நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே அந்தத் தோளைத் துண்டால் மூடிக்கொண்டுதான் குளிக்கப் போவார். இந்த இரண்டையும் தம்பியின் சிறுநீரகத்தோடு சேர்த்து நினைப்பதற்கு எங்களுக்கு எந்தக் காரணமும் இருந்ததில்லை. அறுவைக்கு முன்பும் பின்பும் அவனிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்விகள் கேட்டார்கள். புகைப்பழக்கம் கேட்டார்கள், இரத்த அழுத்தம் கேட்டார்கள், 'வீட்டில் யாருக்காவது புற்றுநோய் உண்டா' என்றும் கேட்டார்கள். அம்மாவுக்குப் புற்றுநோய் இல்லாததால் அவன் இல்லை என்றான். அது பொய்யான பதிலும் அல்ல.

திசுவை அனுப்பும் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அறுவை நடந்த இடத்தில் திசுவை மெழுகுக் கட்டியாகப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். நோயாளி எழுத்துமூலம் கேட்டால் அதைக் கொடுப்பார்கள். சாயம் ஏற்றிய ஸ்லைடுகளை மட்டும் அனுப்பினால் புதிய சாயங்களைப் போட முடியாது என்பதால், மெழுகுக் கட்டியையோ சாயம் ஏற்றாத ஸ்லைடுகளையோ கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அது கைக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று. மறுஆய்வு முடிய மேலும் பன்னிரண்டு நாட்கள்.

மறுஆய்வின் முடிவை அறிக்கையாக மட்டும் அனுப்பாமல், நோயியல் மருத்துவரே காணொளி அழைப்பில் வந்து, நுண்ணோக்கியில் தெரிந்ததைத் திரையில் காட்டி விளக்கினார். இந்தச் சேவையில் நான் மிக உயர்வாக மதிப்பிடும் பகுதிகளில் இது ஒன்று. புற்றுச் செல்களின் உட்கருவுக்குள் இருக்கும் மணி, பெரிதாகவும் குன்றிமணி போலச் சிவந்தும், தன்னைச் சுற்றி ஒரு வெளுத்த வளையத்தோடும் நின்றது. 'இதைப் பார்த்தவுடன் நாங்கள் குடும்ப வரலாற்றுப் படிவத்தைத் தேடி எடுப்போம்' என்றார் அவர். அடுத்து அவர் காட்டியது ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் என்ற நொதியைக் கண்டறியும் சாயம். அந்த நொதி இருக்கும் செல் பழுப்பாக மாறும். திரையில் கட்டிக்குள் ஓடிய மெல்லிய இரத்தக் குழாயின் சுவர் பழுப்பாக இருந்தது. அதை ஒட்டி இருபுறமும் அடர்ந்திருந்த புற்றுச் செல்கள் நிறமே இல்லாமல் வெளிறிக் கிடந்தன. குழாயின் சுவர் நிறம் பிடித்திருப்பதால் சாயம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது, ஆகவே புற்றுச் செல்களில் நிறம் இல்லாதது நொதி இல்லாததையே காட்டுகிறது என்று அவர் சொன்னபோது, மருத்துவம் படிக்காத எங்களுக்கும் அது கண்ணுக்கு நேரே புரிந்தது. சிலரிடம் நொதி பழுதுபட்டும் சாயத்துக்கு அகப்படும் அளவுக்கு மிஞ்சியிருக்கும் என்பதால், அந்த ஒரு சாயத்தை மட்டும் நம்பாமல், தேங்கிய ஃபியூமரேட் புரதங்களில் ஒட்டிக்கொண்டதன் அடையாளத்தைக் காட்டும் இன்னொரு சாயத்தையும் போட்டிருந்தார்கள். முதலாவது நிறமற்றும் இரண்டாவது அடர்ந்த நிறத்தோடும் இருந்தன. இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்தன.

ஆக, தம்பிக்கு இருந்தது வழக்கமான பாப்பிலரி வகை அல்ல; ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் குறைபாட்டுச் சிறுநீரகப் புற்றுநோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வகைப்பாடு இதைத் தனி நோயாகவே வைத்திருக்கிறது; பாப்பிலரி வகையை முதலாவது, இரண்டாவது என்று பிரிப்பதையும் அதே வகைப்பாடு கைவிட்டுவிட்டது. 'இரண்டாம் வகை' என்ற பெயரின் கீழ் வெவ்வேறு நோய்கள் ஒன்றாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தன என்பதே அதற்குக் காரணம். முதல் அறிக்கையை எழுதியவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நான் சொல்லமாட்டேன். வடிவத்தை மட்டும் பார்த்தால் இது பாப்பிலரி போலவே தோன்றும். இந்தச் சாயங்களும் எல்லா ஆய்வகங்களிலும் இருப்பதில்லை. ஆனால் 36 வயதுக்காரருடைய திசு என்று மேலே அச்சிட்டிருந்த தாளில், மேலும் ஆராய்வது நல்லது என்ற ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

இந்த நொதியின் வேலையை ஆலோசகர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். செல் தன் ஆற்றலை உண்டாக்கும் கிரெப்ஸ் சுழற்சியில், ஃபியூமரேட் என்ற பொருளை மாலேட் என்ற பொருளாக மாற்றுவது இது. இது இல்லாதபோது ஃபியூமரேட் தேங்குகிறது. தேங்கிய ஃபியூமரேட், ஆக்சிஜன் குறையும்போது மட்டும் விழித்தெழ வேண்டிய ஒரு புரதத்தை எப்போதும் விழித்திருக்கச் செய்கிறது; அதனால் செல், மூச்சு முட்டுவதாக எண்ணிக்கொண்டு புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கிறது, சர்க்கரையை வாரி வாரி உண்கிறது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை உடலில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனைப் பின்னர் எடுக்கச் சொன்னார்கள்; அது ஏன் இந்த நோயில் நன்றாக வேலை செய்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கியது. சர்க்கரையை விரும்பும் செல்லைச் சர்க்கரையை வைத்தே பிடிக்கலாம்.

இரத்தப் பரிசோதனை மூன்று வாரத்தில் முடிந்தது. முதலாம் குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கும், இந்த நொதியை உருவாக்கும் மரபணுவின் ஒரு பிரதியில் தம்பிக்குப் பிறவியிலேயே பழுது இருந்தது. மற்றப் பிரதி சிறுநீரகக் கட்டியில் பின்னால் பறிபோயிருக்கிறது. சிலருக்கு இந்த இரண்டு பழுதுகளும் கட்டிக்குள் மட்டுமே நேர்வதுண்டு, அப்போது குடும்பத்தில் மற்றவர்களுக்கு ஆபத்து இல்லை. அதனால்தான் திசுவில் கண்டறிந்ததோடு நிறுத்தாமல் இரத்தத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தப் பகுதியில் அவர்களை நான் பாராட்டுவது இரண்டு விஷயங்களுக்காக. எழுத்துப்பிழை போன்ற சிறு மாற்றங்களை மட்டும் தேடாமல், மரபணுவின் ஒரு துண்டோ முழுவதுமோ காணாமல் போயிருக்கிறதா என்பதையும் எண்ணிப் பார்த்தார்கள். விலை குறைந்த சில பரிசோதனைகள் இதைச் செய்வதில்லை. பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, மாற்றம் இருக்கிறது என்று சொல்வதோடு விட்டுவிடாமல், அது எத்தகைய மாற்றம் என்பதை எடைபோட்டுச் சொன்னார்கள். இதே மரபணுவில் நொதியின் 477ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் இரட்டிப்பாகும் ஒரு மாற்றம் உண்டு. அது பலரிடம் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதிகள் சேர்ந்து வந்த குழந்தைக்குக் கடுமையான நரம்பு நோயை உண்டாக்கக்கூடிய அந்த மாற்றம், ஒரு பிரதியில் மட்டும் இருப்பவருக்குச் சிறுநீரகப் புற்றுநோயைத் தருவதாகத் தெரியவில்லை. எங்களுடையது அது அல்ல என்று விளக்குவதற்காகத்தான் ஆலோசகர் இதைச் சொன்னார். ஆனால் எடைபோடத் தெரியாத ஓர் இடத்தில் வெறும் அறிக்கையை வாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் வீணாக அஞ்சி வாழும் குடும்பங்களும் இருக்கக்கூடுமே என்று அன்று தோன்றியது.

குறை சொல்ல வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. நோயின் போக்கைப் பற்றி அறிக்கையில் இருந்த பகுதி, மற்றப் பகுதிகளின் தரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரே பத்தி. அதில் முதல் வரி, சிறுநீரகத்துக்குள் அடங்கிய புற்றுநோயில் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்பவர்கள் 90 சதவீதத்துக்கும் அதிகம் என்றது. அடுத்த வரி, இந்த உட்பிரிவு வேகமாகப் பரவக்கூடியது, முன்கணிப்பு சாதகமாக இல்லை என்றது. முதல் வரி எல்லாச் சிறுநீரகப் புற்றுநோய்களுக்கும் பொதுவானது. அதில் பெரும்பான்மை வேறு வகைகள். இரண்டாவது வரி, பெரும்பாலும் நோய் பரவிய பிறகே கண்டறியப்பட்ட சிலரைக் கொண்டு எழுதப்பட்டது. இவற்றில் என் தம்பி எந்த வரியில் இருக்கிறான்? அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவன் இரண்டு இரவுகள் தூங்கவில்லை. காலையில் முதல் வரியை நம்பினான், இரவில் இரண்டாவது வரியை நம்பினான். நோயின் பெயரைக் கண்டுபிடிக்க இவ்வளவு பாடுபட்டவர்கள், அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று எழுதும்போது இன்னும் ஒரு பக்கம் செலவிட்டிருக்க வேண்டும்.

எழுத்தில் தவறவிட்டதை உரையாடலில் ஈடுசெய்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆலோசகரும் சிறுநீரகப் புற்றுநோய் மருத்துவர் ஒருவரும் சேர்ந்து 70 நிமிடங்கள் பேசினார்கள். மருத்துவர் முதலில் தம்பியிடம், 'உங்களுக்கு எண் வேண்டுமா, அல்லது என்ன செய்யப் போகிறோம் என்பது மட்டும் போதுமா?' என்று கேட்டார். அவன் இரண்டும் வேண்டும் என்றான். இந்த நோயைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சில பத்துப் பேரை வைத்துச் செய்யப்பட்டவை, அவர்களிலும் பலர் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள், ஆகவே அந்தச் சராசரியைத் தூக்கி உங்கள் மேல் வைக்க என்னால் முடியாது என்று அவர் தொடங்கினார். அதேபோல், நான்கு சென்டிமீட்டர் கட்டிக்குப் பொதுவாகத் தரும் ஆறுதலையும் தர முடியாது. ஏனென்றால் இந்த வகையில் கட்டி சிறிதாக இருக்கும்போதே வயிற்றின் பின்புறத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்விடுவதுண்டு. பரம்பரையாக வரும் வேறு சில சிறுநீரகப் புற்றுநோய்களில், எடுத்துக்காட்டாக வான் ஹிப்பல்-லிண்டாவ் நோயில், கட்டி மூன்று சென்டிமீட்டரை எட்டும்வரை காத்திருந்து பார்க்கும் வழக்கம் இருக்கிறது. இந்த நோயில் அப்படிக் காத்திருப்பது கூடாது, கண்ட உடனே அகலமான ஓரத்தோடு எடுத்துவிட வேண்டும். தம்பிக்குக் கட்டி முழுவதும் போய்விட்டது, ஓரத்தில் நோய் இல்லை என்பவை அவனுக்கு ஆதரவான செய்திகள்; நிணநீர் முடிச்சுகள் அறுவையின்போது சோதிக்கப்படவில்லை என்பது தெரியாத பகுதி. 'தெரியாத பகுதியைத் தெரிந்ததாக ஆக்குவோம், அதன்பிறகு எண்ணைப் பற்றிப் பேசுவோம்' என்றார். முன்கணிப்பு என்பதைத் தீர்ப்பாகச் சொல்லாமல், இன்னும் எதைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்ற வேலையாக மாற்றிக் கொடுத்த அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அந்த வாரமே பெட் ஸ்கேன் எடுத்தோம். மகாதமனியின் இடதுபுறத்தில் ஒன்பது மில்லிமீட்டர் அளவில் ஒரு நிணநீர் முடிச்சு ஒளிர்ந்தது. சாதாரண சி.டி. ஸ்கேனில் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் யாரும் அதைக் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். இரண்டாவது அறுவையில் அதையும் சுற்றியிருந்த முடிச்சுகளையும் எடுத்தார்கள். அந்த ஒன்றில் மட்டும் புற்றுநோய் இருந்தது. இதனால் நோயின் நிலை ஏறியது, முன்கணிப்பும் சற்று மோசமானது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறான். இதுவரை நான்கு முறை எடுத்ததில் புதிதாக எதுவும் இல்லை. திரும்ப வந்தால் என்ன செய்வது என்பதும் பேசி முடிவாகியிருக்கிறது. இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிஸுமாப் ஊசியையும் எர்லோட்டினிப் மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது, பரம்பரையாக வரும் இந்த வகையில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டியைச் சுருக்கியிருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்திய ஆய்வில் இந்த நோயுள்ள 43 பேரிடம், நோய் மீண்டும் முன்னேறாமல் நின்ற இடைநிலைக் காலம் 21 மாதங்கள். முழுவதுமாகக் குணமாக்கும் மருந்து அல்ல. ஆனால் பழைய அறிக்கையின் பெயரோடு போயிருந்தால், இந்த மருந்தை யாரும் முதலில் எடுத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து என்னுடைய முறை. பழுதான மரபணு பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. அம்மாவுக்கு இருப்பது உறுதியானதும் நானும் இரத்தம் கொடுத்தேன். முடிவு வந்ததும் ஆலோசகர் அழைத்துச் சொல்வார் என்று பதிவின்போது எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு, 'உங்கள் அறிக்கை தயார்' என்று கைபேசிக்குச் செய்தி வந்தது. திறந்தேன். சிவப்பு எழுத்தில் 'நோய்விளைவிக்கும் மாற்றம் உள்ளது' என்று இருந்தது. ஆலோசகரின் அலுவல் நேரம் திங்கட்கிழமை காலை. அந்த இடைப்பட்ட இரண்டு பகலும் மூன்று இரவும் நான் என் மகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தானியங்கி முறையில் செய்தி போய்விட்டது, வருந்துகிறோம் என்று பிறகு எழுதினார்கள். இத்தகைய முடிவை மனிதக் குரல் இல்லாமல் ஒருவரிடம் சேர்ப்பது சிறு பிழை அல்ல. இதை வேறெந்தக் குறையோடும் சேர்த்துச் சராசரி போட என்னால் இயலவில்லை. நீங்கள் இதுபோன்ற சேவையை நாடினால், அழைத்துப் பேசும்வரை அறிக்கையை வெளியிடக் கூடாது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; கேட்டால் செய்கிறார்கள், என் மகளின் விஷயத்தில் செய்தார்கள்.

திங்கட்கிழமை நடந்த ஆலோசனையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. பழுதான மரபணு இருப்பவர்கள் எல்லோருக்கும் சிறுநீரகப் புற்றுநோய் வருவதில்லை. வாழ்நாள் முழுவதையும் கணக்கிட்டால் ஏறத்தாழ 15 சதவீதம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது என்பதை அவர் முதலில் சொன்னார். தோல் முடிச்சுகளும் பெண்களுக்கு இளம்வயது நார்க்கட்டிகளும்தான் இதில் மிகுதியாகக் காணப்படுபவை. ஆண்டுக்கு ஒருமுறை மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும், இந்தக் கட்டிகள் அல்ட்ராசவுண்டில் தப்பிவிடக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. எனக்கு எடுத்ததில் சிறுநீரகங்கள் இரண்டிலும் எதுவும் இல்லை. கர்ப்பப்பையில் மூன்று நார்க்கட்டிகள் இருக்கின்றன. அவற்றை எங்கே எப்போது பார்ப்பது என்பதையும் எழுதிக் கொடுத்தார். எட்டு முதல் பத்து வயதுக்குள் குழந்தைகளுக்கும் கண்காணிப்பைத் தொடங்கலாம் என்பது பரிந்துரை. 20 வயதுக்கு முன் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான் என்றாலும், வந்தால் வேகமாக வரும் என்பதால் அந்த வயதை வைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு ஒன்பது வயது. சோதிக்க வேண்டுமா என்பதை என்னிடமும், என் கணவரிடமும், பிறகு அவளுக்குப் புரியும் சொற்களில் அவளிடமும் பேசினார். அவளுடைய முடிவு என்ன என்பதை இங்கே எழுதமாட்டேன், அது அவளுடையது.

அம்மாவுக்குத்தான் ஆறுதல் சொல்வது கடினமாக இருந்தது. தன்னால்தான் மகனுக்கு வந்தது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆலோசகர் அவரிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். தோல் முடிச்சுகளும் கர்ப்பப்பைக் கட்டிகளும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதை 1973ஆம் ஆண்டிலேயே ரீட் என்ற மருத்துவர் எழுதியிருந்தாலும், அதோடு சிறுநீரகப் புற்றுநோயும் சேர்ந்திருப்பதை ஃபின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 2001ஆம் ஆண்டில்தான் வெளியிட்டார்கள், மரபணு எது என்று தெரிந்தது 2002ஆம் ஆண்டில் என்று ஆண்டுகளை வரிசையாகச் சொன்னார். 1993ஆம் ஆண்டில் அம்மாவுக்கு அறுவை செய்தவரிடம் உலகத்தின் எல்லா மருத்துவ நூல்களும் இருந்திருந்தாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது. அம்மா அந்த ஆண்டுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதச் சொல்லி வாங்கித் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார்.

யார் இதை நாடலாம் என்று கேட்டால், சிறுநீரகப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் இது தேவையில்லை. 46 வயதுக்குள் நோய் கண்டவர்கள், இரண்டு சிறுநீரகங்களிலும் கட்டி உள்ளவர்கள், நெருங்கிய உறவில் இன்னொருவருக்கும் அதே நோய் இருப்பவர்கள், எங்கள் வீட்டைப் போல நார்க்கட்டியும் தோல் முடிச்சும் சேர்ந்திருப்பவர்கள், திசு அறிக்கையில் 'பாப்பிலரி இரண்டாம் வகை' என்றோ 'வகைப்படுத்த இயலாதது' என்றோ எழுதியிருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். போகும்போது குடும்பத்துப் பெண்களின் அறுவைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டு போங்கள். நம் வீடுகளில் அந்தக் காலத்துப் பெண்களின் கர்ப்பப்பை அறுவை பேச்சில் வராத விஷயம். என் அம்மாவுக்கு எந்த வயதில் நடந்தது என்பதே படிவத்தை நிரப்பும்போதுதான் எனக்குத் தெரியவந்தது. மெழுகுக் கட்டியைத் திருப்பி வாங்கவும் மறக்க வேண்டாம். எங்களுடையதற்கு மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

உறவினர்களுக்குத் தெரிவிப்பதற்காக ஒரு கடித மாதிரியும் தருகிறார்கள். ஒரே பக்கம், எளிய மொழி, அச்சுறுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை. அதை அம்மாவின் உடன்பிறந்தவர்கள் நால்வருக்கும் அனுப்பினேன். மாமாக்கள் இருவரும் பிறகு பார்க்கலாம் என்றார்கள், பெரியம்மா பதில் சொல்லவில்லை. பதினைந்து நாட்கள் கழித்து சித்தி தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்தார், தம்பியைப் பற்றிக் கேட்டார், வைக்கப் போகும்போது நிறுத்தி, 'அக்காவுக்குத் தோள்ல இருக்கிற மாதிரி எனக்கும் முதுகுல இருக்கும்மா, நான் யார்கிட்டயும் சொன்னதில்ல' என்றார். சேவைக்கு அன்றே எழுதினேன். குடும்பத்தில் ஏற்கெனவே கண்டறிந்த அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடினால் போதும் என்பதால், அவருக்கான பரிசோதனைக்குக் கட்டணம் வாங்கவில்லை. சித்தியின் இரத்த மாதிரி சென்ற வியாழக்கிழமை போயிருக்கிறது. அழைத்துப் பேசும்வரை அறிக்கையை வெளியிட வேண்டாம் என்ற குறிப்பை நானே என் கையால் எழுதி அதனுடன் வைத்தேன்.